வளைந்த சாலையும் பன்னிரண்டடிக் கிணறும்

எண்பத்தேழில் ஒரு ஞாயிறு. காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாலரை ரூபாய். பையில் முப்பது வருஷத்துக்கு முந்தைய சர்வே வரைபடம். பள்ளியில் பூகோளம் நடத்தும் எனக்கு, பழைய படத்தை வைத்துக்கொண்டு புதிய ஊரில் நடப்பது ஒரு கிறுக்கு. படத்தில் ஓசூரைக் கட்டைவிரலால் மறைத்துவிடலாம். சுற்றிலும் வயல், தோப்பு, நீலத் திட்டுகளாக ஏரிகள்.

பக்கத்து சீட்டில் முருகேசன், பஸ்ஸில்தான் பழக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். பென்னாகரம் போய், குலசாமியிடம் வைத்தெடுத்த மஞ்சள் முடிச்சோடு திரும்புகிறார்.

"இன்னிக்கு வூட்டுக்கு வாசக்கால் வெக்கிறோம் சார். பத்தரைக்கு நல்ல நேரம். நீங்களும் வாங்க, சாப்ட்டுப் போலாம்."

ஒன்பதரைக்குப் பாகலூர் சாலையில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோம். நேரே போக வேண்டிய மண்சாலை காரணமில்லாமல் வளைந்தது. படத்தைப் பார்த்தேன். அதே வளைவு, ஏரிக்கரை என்று போட்டிருந்தது. கரைமேல்தான் நடந்துகொண்டிருந்தோம். உள்பக்கச் சரிவில் மனைக் கற்கள், நடுவே முருகேசனின் அரைகுறை வீடு. படத்தில் அந்த இடம் முழுக்க நீலம்.

"கெணத்தப் பாருங்க சார். பன்னெண்டு அடியிலயே தண்ணி! அந்தாண்ட எரநூறு அடி போர் போட்டும் புகைதான் வருது. எங்க ராசி அப்படி."

மறைக்க மனம் வரவில்லை. படத்தை விரித்தேன். தினமும் டிராயிங் பார்த்து வேலை செய்கிறவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நீலத்தின்மேல் விரலை வைத்தபடி நின்றார்.

"மூணு வருஷமா மழையில்ல சார். நான் எடம் பாக்க வந்தப்ப கொள்ளு வெதச்சிருந்தாங்க. வூட்டுக்காரி நகையெல்லாம் இதுலதான் இருக்குது."

அவர் மனைவி செல்வி காபியோடு வந்தார். "மேப்பா சார்? எங்க வூடு இருக்குதா அதுல?"

முருகேசன் என் முகத்தையே பார்த்தார்.

"இது பழசும்மா. அப்ப இங்க வீடே இல்லை" என்றேன்.

முருகேசன் மேஸ்திரியிடம் போனார். "பேஸ்மட்டத்துல இன்னும் ரெண்டு வரி கல்லு ஏத்திக்கலாமா?"

"வாசக்கால் வெக்கிற நேரத்துல கேக்கற கேள்வியா இது?" என்று மேஸ்திரி சிரித்தார்.

பத்தரைக்கு முடிச்சைக் கட்டி வாசக்காலை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் நானும் பிடித்தேன். சாப்பிட்டுக் கிளம்பினேன்.

மாலை நாலரைக்கு, திரும்பும் பஸ் சூளகிரியை நெருங்கும்போது மழை பிடித்தது. நனைந்தால் நனையட்டும் என்று ஒருவரும் ஷட்டரை இறக்கவில்லை. என் வீட்டுக் கிணறும் வறண்டுதான் கிடந்தது. ஆனாலும் நின்றுவிடு, நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டே வந்தேன். கிருஷ்ணகிரியில் இறங்கும்வரை மழை விடவில்லை.