முத்துவீரனுக்கு இரண்டு நிமிடம்

அந்த நகரசபை மண்டபத்தில் எந்த நாற்காலி ஆடும், எந்த உறுப்பினருக்குச் சீனியில்லாத தேத்தண்ணீர் என்பதெல்லாம் பாலாமணிக்கு அத்துப்படி. பதினெட்டு வருஷமாகக் கூட்டிப் பெருக்குவதும் கிளாஸ் கழுவி வைப்பதும் அவள்தான். நிரந்தர நியமனம் மட்டும் வரவேயில்லை. யார் செய்த பாவமோ, போகட்டும்.

நிரந்தர வேலை அவள் புருஷன் முத்துவீரனுக்குத்தான் இருந்தது. தெருவோரத்துச் சாக்கடைக் கான் துப்புரவாக்குகிற வேலை. சபைத் தொழிலாளர்களுக்கான லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் அந்த வேலைக்குக் கிடைத்ததுதான். போன ஐப்பசி மழையில், தம்புள்ளைக்குப் போகிற லொறிகள் திரும்பும் சந்தியில் அடைப்பெடுத்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கானுக்குள்ளேயே சாய்ந்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயசு. சாகிற வயசா அது?

அப்போது சபையில் உறுப்பினர்களே இல்லை. பழைய சபையின் காலம் முடிந்து, தேர்தல் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. காம்பராவைப் பாலாமணி பெயருக்கு மாற்றச் சபை கூடித் தீர்மானம் எடுக்க வேண்டும். செயலாளரும் பாவம், தன்னால் முடிந்த தவணையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். கடைசித் தவணை ஜூலை முப்பது. அதற்குமேல் சாவி இன்னொரு தொழிலாளி குடும்பத்துக்கு.

ஒருவழியாகத் தேர்தல் நடந்து, புதிய சபை ஜூலை இரண்டாம் வியாழன் கூடியது. நிகழ்ச்சி நிரலில் பாலாமணியின் விண்ணப்பம் பதினோராவது. எல்லாக் கட்சிக்காரரும் கை உயர்த்துவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

முதலில் வந்து உட்கார்ந்தவர் நுஹ்மான். செருப்புக்கடைக்காரர், முதல்தடவை உறுப்பினரானவர்.

"அக்கா, ஒங்கட விஷயம் இன்டைக்கி பாஸாகிரும். வேற ஏதும் செய்யோணுமா?"

பாலாமணி தயங்கினாள். "சேர், செத்துப்போன மெம்பர்மாருக்கெல்லாம் இங்க எந்திரிச்சு நின்னு அனுதாபம் சொல்லுவாங்க. எங்க ஆளு போனப்ப சபையே இல்ல. ஒரே ஒரு வாட்டி அவரு பேரச் சொல்லிருங்க சேர். போதும்."

அவர் சொன்னார். கூட்டம் தொடங்கியதும் முதல் வேலையாக எழுந்து, "திரு. முத்துவீரன் அவர்கள்" என்று மைக்கில் சொன்னார். அந்தப் பெயருக்கு முன்னால் யாரும் திரு போட்டுப் பாலாமணி கேட்டதில்லை. சபைத் தலைவரான தவிசாளர் முதற்கொண்டு அத்தனை பேரும் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். கடைசிச் சுவரோரம் தட்டோடு நின்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவுமில்லை.

தவிசாளர் உட்காரவில்லை. "அனுதாபத் தீர்மானம் நிறைவேறின நாள்ல வேற அலுவல் பாக்காம எழும்பிப் போறது நம்ம சபையோட வழமை. மெம்பருக்குச் செய்ற மரியாதைய நம்ம தொழிலாளிக்கும் செய்வோம். கூட்டம் அடுத்த மாசம் ரெண்டாம் வியாழனுக்கு ஒத்திவைக்கப்படுது."

ஐயோ! இந்த வழமை பாலாமணிக்குத் தெரியாததா? தொடாத கிளாஸ்களை எத்தனை தடவை அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள்! அதெல்லாம் பெரிய மனுஷருக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தாள். கான் வெட்டுகிறவனுக்கும் சபையை நிறுத்துவார்கள் என்று கனவிலாவது தோன்றுமா?

நுஹ்மான் கலங்கிய கண்ணோடு பக்கத்தில் வந்தார். "பாத்தீங்களா அக்கா, எவ்வளவு மரியாத!"

"சேர்... நாங்க முப்பதாந் தேதி வெளியாகணுமே சேர்."

"யா அல்லாஹ்!" என்று தலையில் கைவைத்தவர், செயலாளரிடம் ஓடினார். சபை முடிவு இல்லாமல் தான் எதுவும் செய்ய முடியாது, ஒத்திவைத்த கூட்டத்தை இனி முன்னுக்குக் கொண்டுவரவும் முடியாது என்று செயலாளர் தலைகுனிந்து சொல்லிவிட்டார்.

லயத்தில் மகள் கிருஷாந்தி வாசலிலேயே காத்திருந்தாள். "என்னம்மா ஆச்சு?"

"அப்பாவுக்காக எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்கடி. தவிசாளரும் நின்னாரு."

"வீடு?"

"அவருக்கு மரியாத செஞ்சு கூட்டத்த முடிச்சிட்டாங்க. நாந்தாண்டி கேட்டேன். என் வாயாலதான் கேட்டேன்."

கிருஷாந்தி உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி, ஒரு பழைய சேலையில் சுற்றத் தொடங்கினாள்.