நிலாவெளிக் கயிற்றில் ஓர் இடம்

யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்கு ஏறி, வவுனியாவில் பஸ் மாறி, திருகோணமலையில் இறங்கியபோது மாலை ஐந்தேகால். ஆடி மாதத்துச் சனிக்கிழமை. துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்றில் எண்ணெய் வாடை. என் தோல்பையில் இரண்டு வேட்டி, வேதப்புத்தகம், ஒரு மொட்டைக் கடிதம். இந்தப் பயணத்துக்கே காரணம் அந்தக் கடிதம்தான்.

திருகோணமலைக்கு வடக்கே ஒன்பது மைலில் நிலாவெளி. அங்கே எங்கள் சபைக்கு ஒரு சின்னத் தேவாலயம், ஓர் உபதேசியார். பெயர் ஞானமுத்து. அவர் ஞாயிறு காலை ஆராதனையை விட்டுவிட்டுக் கரைவலை இழுக்கிறார், கிடைக்கும் மீனை ஒரு முஸ்லிம் பெண்ணின் வீட்டுக்குப் பின்வேலியால் கொண்டுபோகிறார், அவளுடைய புருஷன் வீட்டில் இல்லை என்று யாரோ கையெழுத்துப் போடாமல் எழுதியிருந்தார்கள். உண்மையென்றால் உபதேசியாருக்கு வேலையும் இல்லை, சபை கொடுத்த வீடும் இல்லை. மனைவியையும் மூன்று பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர் தெருவில் நிற்கவேண்டியதுதான். விசாரித்து வரச் சபைச் சங்கம் என்னை அனுப்பியது. முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவன் நான். ஒட்டிய உறையைக் கண்டாலே உள்ளே என்ன களவு இருக்கும் என்று யோசிக்கிற புத்தி, இளைப்பாறிய பிறகும் போகவில்லை.

தங்கிய விடுதிக்காரர், "என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று கேட்டார். இவரும் கடிதம் எழுதியவரின் சொந்தக்காரராக இருக்கலாம் அல்லவா? "கோணமலையைச் சுற்றிப் பார்க்க" என்றேன். படுக்கப் போகுமுன் வேதம் வாசித்தேன். அந்தப் பொய் என்னைக் கொஞ்சமும் உறுத்தவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை ஆறு பத்துக்கு நிலாவெளி பஸ். கட்டணம் நாற்பத்தைந்து சதம். உப்புவெளி, சாம்பல்தீவுப் பாலம், பிறகு இடப்பக்கம் பனை, வலப்பக்கம் கடல். நான் தேவாலயத்தடியில் இறங்கவேண்டும் என்றதும் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"உபதேசியாரிட்டயோ போறியள்? அவர் இப்ப கடற்கரையில எல்லோ நிப்பார்."

கொண்டக்டருக்கே தெரிந்திருக்கிறது! ஊர் முழுக்க நாறிவிட்ட கதை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

ஆறு ஐம்பதுக்குத் தேவாலயம் பூட்டிக் கிடந்தது. ஆராதனைக்கு வந்த ஒருவரையும் காணோம். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த உபதேசியாரின் மனைவி என் கோட்டையும் பையையும் பார்த்து விளக்குமாற்றைக் கீழே போட்டார். "இருங்கோ ஐயா, தேத்தண்ணி போடுறன். இவர் மடி ஏறினவுடன வந்திடுவார். ஆராதனையைப் பின்னேரம் நாலு மணிக்கு மாத்தினவர்."

யாரைக் கேட்டு மாற்றினார்? தேத்தண்ணி வேண்டாம் என்று கடற்கரைக்கு நடந்தேன்.

கரைவலை பாராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தோணி வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு வரும். வலையின் இரண்டு தலைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு வரிசை ஆட்கள் இழுப்பார்கள். நடுவிலுள்ள பைதான் மடி. மீன் எல்லாம் அதற்குள்தான். அன்று ஒவ்வொரு வரிசையிலும் பதினைந்து பேராவது நின்றார்கள். இடக் கயிற்றில் ஏழாவது ஆள், சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, எங்கள் ஞானமுத்து.

"உபதேசியார்!"

திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, மடி ஏறட்டும். அரை மணித்தியாலம்தான்."

"சபை கூப்பிடுது. இப்பவே வாரும்."

"ஐயா, கையை விட ஏலாது..."

"சபையைவிட மீன் பெரிசோ?"

அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை விட்டார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தூரத்திலிருந்து, "ஆரடா அது கையை விட்டது?" என்று கத்தினார். பின்னால் குந்தியிருந்த ஒருவர் ஓடிவந்து ஏழாவது இடத்தில் கயிற்றைப் பிடித்தார். எனக்கு வெற்றியாகவே இருந்தது.

கவிழ்த்து வைத்த தோணியடியில் விசாரணையைத் தொடங்கினேன். "அது சுலைமான்ட இடம் ஐயா" என்றார் உபதேசியார். கடிதத்தில் சொன்ன பெண்ணின் புருஷன்தான் சுலைமான், கால் முறிந்து மூன்று கிழமையாகத் திருகோணமலை ஆஸ்பத்திரியில். மடி ஏறுமுன் கையை விட்டால் அன்றைய பங்கு மட்டுமல்ல, அந்தப் பருவம் முழுவதற்கும் இடம் போய்விடும். காத்திருப்பவன் பிடித்தால் அவனுக்கு. இங்கே அதுதான் முறை.

"நீர் ஏன் நிண்டனீர்?"

"வார்டில பாக்கப் போனனான். இடம் போகப்போகுதெண்டு அழுதான். நான் நிக்கிறன் எண்டு வாயில வந்திட்டுது. சொன்னா நிக்கத்தானே வேணும்? கடலுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. அதாலதான் ஆராதனையைத் தள்ளி வைச்சனான்."

"பின்வேலியால ஏன் போறனீர்?"

"முன்னால போய்க் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை முக்காட்டைத் தேடி எழும்பி வரவேணும். வேலி இடுக்கால பெட்டியை வைச்சிட்டு வாறது லேசு."

நான் நம்பவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காக விடை வந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். "வாரும், அந்த வீட்டைப் பாப்பம்" என்றேன்.

வேலியடியில் காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து பெண்குரல் வந்தது. "உபதேசியாரா? இண்டைக்கு வலை வளைக்கல்லயா?"

"வளைச்சவங்க பிள்ளை. நான்தான் கையை விட்டிட்டன்."

"அப்ப இடம்?"

"போயிட்டுது."

வேலிக்குள்ளிருந்து மெதுவாக, "அல்லாவே, அவருக்கு நான் இனி என்னத்தைச் சொல்லுவன்" என்றாள்.

அவர் என்னைக் கைகாட்டியிருக்கலாம். இந்த மனிதர்தான் கூப்பிட்டார் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. சிலுவையைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டவன், மற்றவனுடைய பிழையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட ஒருவரை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "பிள்ளை, கையை விடச் சொன்னது நான்தான்" என்று வேலியைப் பார்த்துச் சொன்னேன்.

"ஐயா, பன்னிரண்டு மணி பஸ் இருக்கு, நீங்கள் வெளிக்கிடுங்கோ. நான் சம்மாட்டியோட கதைக்கிறன்" என்றார் உபதேசியார். போகத்தான் மனம் சொன்னது. ஆனால் திரும்பக் கடற்கரைக்குத்தான் நடந்தேன்.

சம்மாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவரும் என் சாதிதான், சந்தேகக்காரச் சாதி. "உபதேசியாருக்காகப் பொய் சொல்ல வந்தனீங்களோ?"

"இல்லை. பிழை என்ரைதான்."

"எல்லாரும் வாயால சொல்லுவினம். பத்து மணிக்கு அடுத்த வலை. நீங்கள் ஏழாவதா நில்லுங்கோ. மடி ஏறுமட்டும் கை விடாட்டில் இடம் சுலைமானுக்கு. விட்டால் கதையில்லை."

இடத்தைப் பிடித்திருந்தவர், "நான் பறிக்கேல்லை ஐயா, சும்மா கிடந்தது, பிடிச்சனான்" என்று சொல்லி விலகி நின்றார். அவருக்கும் வீட்டில் பசி இருந்திருக்கும். ஒருவருக்கு நான் செய்த பிழையைத் திருத்த இன்னொருவர் விலகவேண்டி வந்தது.

கோட்டைத் துடுப்பில் தொங்கவிட்டு, உபதேசியாரின் வீட்டிலிருந்து இன்னொரு சாரத்தை வாங்கிக் கட்டினேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டேகால் வரை இழுத்தோம். முதல் கால்மணியில் உள்ளங்கை உரிந்தது. உப்புத் தண்ணீர் பட்டபோது அம்மாவே என்று கத்திவிட்டேன். என் பழைய உத்தியோகத்தை உபதேசியார் சொல்லியிருக்கவேண்டும், எனக்குப் பின்னால் நின்றவன், "தபால் ஐயா, முத்திரை குத்துற கையோ இது?" என்று கேட்க வரிசையே சிரித்தது. பஸ் போகிற சத்தம் றோட்டில் கேட்டது. நான் கையை விடவில்லை. மடி ஏறியபோது சூடையும் பாரையுமாக நல்ல மீன்பாடு. சம்மாட்டி ஏழாவது பங்கைப் பனையோலைப் பெட்டியில் போட்டு உபதேசியாரிடம் நீட்டினார்.

நாலு மணி ஆராதனைக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். எனக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. உபதேசியாரின் கடைசி மகள் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஊர் திரும்பினேன். எங்கள் சபை பெரிய சபை. ஞாயிறு காலை மணி பிசகாது, வாங்குப் பலகை நிறைய ஆட்கள். அந்த வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கால் முறிந்தால் அவருடைய இடத்தில் நான் போய் நிற்பேனா? இதுவரை நின்றதில்லை. வெள்ளிக்கிழமை சங்கம் கூடியது. தலைவர் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதிலை எழுதினது உண்மையோ?"

"ஓம். ஒரு சொல்லும் பொய்யில்லை" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வலை இழுத்தவையின்ரை பேரை எழுதுறதெண்டால், என்ரை பேரையும் சேர்த்து எழுதுங்கோ."