துணைக்குப் போனவன்

என் மனைவி தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, ஐதராபாத் காஞ்சன்பாக்கில் எங்கள் குடியிருப்புக்குள் இருக்கும் பூங்காவில் நான்கைந்து பெண்களோடு நடப்பாள். இரண்டு வருடமாக நடக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பால் வருவது தெரிகிற மாதிரி தெரியும், அவ்வளவுதான். அவள் திரும்பி வந்து குக்கர் வைக்கும் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அலுவலகப் பேருந்தில் ஏறினால் பத்து நிமிடத்தில் அலுவலகம். உள்ளே நாற்காலி, மதியம் கேன்டீன், மறுபடி நாற்காலி. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னபோது, இன்னும் தாண்டவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

போன ஜனவரியில் அந்தப் பெண்கள் புவனகிரிக் கோட்டைக்குப் போக முடிவு செய்தார்கள். ஐதராபாத்திலிருந்து வாரங்கல் சாலையில் ஒன்றரை மணி நேரம். கவிழ்த்துவைத்த உருளி மாதிரி ஒரே பாறை, அதன் உச்சியில் பழைய கோட்டை.

"ஆம்பளை ஒருத்தர் கூட வந்தா நல்லதுன்னு பேசிக்கிட்டோம். மத்த வீட்ல யாரும் வரலை. நீங்க வாறீங்களா?" என்று கேட்டாள்.

"துணைக்குத்தான, வாறேன். உன்னால ஏற முடியுமா? பாதி வழியில கால் வலிக்குன்னு உக்காந்துரக் கூடாது."

"பாப்போம்" என்றாள்.

ஞாயிறு காலை ஏழரைக்கு மலையடிவாரத்தில் வேனை விட்டு இறங்கினோம். தண்ணீர் பாட்டில்களும் எலுமிச்சைச் சாதமும் இருந்த பையை நான்தான் சுமப்பேன் என்று தோளில் மாட்டிக்கொண்டேன். டிக்கெட் வாங்கியதும் எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று படியேறினேன். பின்னாலிருந்து எதிர்வீட்டு அம்மா, "அன்னய்யா, மெல்லகா ரண்டி" என்றார். நடைக்கூட்டத்துக்கு அவர்தான் தலைவி, தெலுங்குக்காரர். மெதுவாக வரச் சொல்கிறார். அவர்களுக்காகச் சொல்கிறார் என்று நினைத்து, நான் நின்று சிரித்துவிட்டு மறுபடி ஏறினேன்.

முதல் வாசல்வரை ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டியதும் படிகள் உயரமாயின, ஒவ்வொன்றும் முழங்கால் பாதிக்கு வந்தது. முதலில் ஷூ லேஸ் கட்டுவதற்காக நின்றேன். அப்புறம் படம் எடுப்பதற்காக. அப்புறம் வராத அழைப்பை எடுத்துக் காதில் வைத்தேன். ஹலோ சொல்வதற்கு மூச்சு இல்லை. பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள், பூங்காவில் நடக்கிற அதே வேகத்தில், மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டே.

என் மனைவி மட்டும் நின்றாள்.

"ஏங்க, பைய இங்க தாங்க."

"வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பை அவள் தோளில் இருந்தது.

"என்ன செய்யுது? நெஞ்சு வலிக்கா?"

"அதெல்லாம் இல்ல. மூச்சுதான்."

"இடது கை?"

"இல்ல."

என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. பாட்டிலைத் திறந்து தந்தாள். "ஒரு வாய் போதும். மடக்கு மடக்குன்னு குடிக்காதீங்க. வாய மூடி மூக்கால இழுங்க. ஒரு படி, ஒரு மூச்சு. பேசாதீங்க."

அவள் சொன்னபடியே ஏறினேன். உண்மையிலேயே கொஞ்சம் சுலபமாக இருந்தது. ஒரு திருப்பத்தில் நின்றபோது, "இதெல்லாம் எங்க படிச்ச?" என்று கேட்டேன்.

"நானும் முதல்ல இப்படித்தான் தவிச்சேன். ஒரு சுத்து முடிக்கதுக்குள்ள பெஞ்சுல உக்காந்துருவேன். அழுகையா வரும். உங்ககிட்ட சொன்னனே."

"எப்ப?"

"நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாள். இப்போது என் மூச்சைப் பற்றிய கவலை எனக்கு இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள், நான் அதே நேரத்தில் கால் கிலோமீட்டர் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது மட்டும் மனதில் சுற்றிச் சுற்றி வந்தது.

இன்னும் மேலே போனதும் கட்டிய படிகள் முடிந்துவிட்டன. வெறும் பாறையில் கால் பாதம் மட்டும் பதியும் அளவுக்கு வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் இரும்புக் கம்பி. கம்பியைப் பிடித்துப் பத்துப் பதினைந்து அடி ஏறித் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கீழே ஊர் சாய்ந்து கிடந்தது. தொடை இரண்டும் தானாக நடுங்கத் தொடங்கின. நிறுத்தச் சொன்னால் நிற்கிற நடுக்கம் இல்லை.

"நீ போ. என்னால முடியாது" என்றேன். அவளிடம் இந்த வார்த்தையை எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று தெரியவில்லை.

என்னைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, ஒரு சுவர் நிழலில் உட்கார வைத்தாள். ஒரு பாட்டிலும் இரண்டு ஆரஞ்சும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "நானும் இங்கனயே இருக்கேனே."

"போயிட்டு வா. இவ்வளவு தூரம் வந்துட்டு."

"எந்திச்சு நடமாடாதீங்க. போன கையிலயே வச்சுக்கோங்க."

கம்பியைத் தொட்டும் தொடாமலும் அவள் ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலைக்குப் பதில் சுடிதார் போட்டிருந்தாள். பையின் கனத்துக்கு லேசாக முன்னால் சாய்ந்து, ஒரே சீராக ஏறினாள். எங்கும் நிற்கவில்லை.

அதே நிழலில் என்னைவிடப் பருத்த ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஐதராபாத்தின் பழைய நகரத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. மேலே போகவில்லையா என்று கேட்டார். "நக்கோ" என்றேன். வேண்டாம் என்பதற்கு அவர் ஊர்ச் சொல் என் வாயிலிருந்து வந்ததில் அவருக்குச் சந்தோஷம். தன் மனைவியும் மாமியாரும் மேலே போயிருப்பதாகச் சொன்னார்.

"மாமியாருமா?" என்று இந்தியில் கேட்டேன்.

"ஹவ்" என்று ஆமோதித்தார், மலையடிவாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அவர் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாத் துண்டுகளை நீட்டினார். நான் ஆரஞ்சு ஒன்றைக் கொடுத்தேன். கீழே ஒரு ரயில் சத்தமில்லாமல் ஊரைக் கடந்து போயிற்று. நடுக்கம் நின்றிருந்தது. காற்று குளிர்ச்சியாக இருந்தது. தோற்றுப்போனவன் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாமா என்றிருந்தது எனக்கு.

போன் அடித்தது.

"உச்சிக்கு வந்துட்டேன். கைய ஆட்டுதேன், தெரியுதா?"

அண்ணாந்து பார்த்தேன். பாறை விளிம்பில் ஏழெட்டுப் பேர் எறும்பளவில் நின்றார்கள். அதில் மூன்று பேர் கையை ஆட்டினார்கள்.

"தெரியுது" என்றேன்.

இறங்குவது ஏறியதைவிட மோசமாக இருந்தது. எதிர்வீட்டு அம்மா முன்னால், என் மனைவி பின்னால், நடுவில் நான். வழுக்குகிற இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் அந்த முதல் மாதங்கள் நினைவிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட வெந்நீரை ஒரு வாளியில் கொண்டுவந்து வைத்தாள். சோபாவில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டேன். அவள் பக்கத்தில் சாய்ந்துகொண்டாள்.

"மேல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"இடிஞ்ச அரண்மனை. கூரை எதுவும் கிடையாது, வளைவு வாசல் மட்டும் நிக்கி. அந்த வழியா பாத்தா கண்ணு எட்டுத மட்டும் ஊரா தெரியுது. பாறைக் குழியில தண்ணி கெடக்கு."

"ஆழமா?"

"தெரியலை. பச்சையா இருந்திச்சு. ஒரு குருவி வந்து…"

குருவி என்ன செய்தது என்று காத்திருந்தேன். அவள் தூங்கியிருந்தாள், தலை என் தோளில் சாய்ந்திருந்தது. வாளியில் தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. அவள் கைகொடுக்காமல் என்னால் எழுந்திருக்க முடியாது. எழுப்பவும் மனம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.