படத்தில் நிற்பவர் ஏகாம்பரம் அல்லர்

ஸ்டுடியோ ஏகாம்பரம் இறந்துபோன செய்தி ஓடும் பஸ்ஸில் எனக்கு வந்தது. செவிலிமேட்டில் ஏறிய ஒருவர் மடியில் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, யாருக்கு மாலை என்று கேட்டேன்.

"நம்ம ஸ்டுடியோக்காரரு பூட்டாருபா. காலையில டீ குடிச்சிக்கினு இருந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார்.

விசில் கொடுத்தேன், பஸ் கிளம்பியது. வருத்தம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை.

அவருக்காக நினைவு மலர் அச்சுப் போடுகிறோம், நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று ஊர்ப் போட்டோக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவரோடு கப்பலில் போனவன் காஞ்சிபுரத்தில் நான் ஒருவன்தான். நல்ல வார்த்தை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் மதராஸில் ஒரே சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறினோம். அவர் சமையலறையில், நான் இஞ்சின் அறையில். ஒரே ஊர்க்காரர்கள் என்று ஒரே அறை கொடுத்தார்கள். கேட்டு வாங்குவது என்பது அவருக்குத் தெரியாது, எடுத்துக்கொள்வார். என் சோப்பு, என் சட்டை, என் முறைக்கு வரவேண்டிய வெந்நீர், எதுவானாலும் சரி. ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய காமிரா ஒன்று வாங்கினார். அதற்குப் பிறகு அவருக்கு மனிதர்கள் கண்ணில் படவில்லை.

நார்வே நாட்டின் வடகோடியில் இரும்புத்தாது ஏற்றப் போயிருந்தோம். குளிர்காலத்தில் அங்கே சூரியன் தலைகாட்டுவதே இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு இருட்டிவிடும். அப்படி ஒரு இருட்டில்தான் வானத்தில் அந்த வெளிச்சம் வந்தது. கப்பலில் எல்லோரும் வடக்கு வெளிச்சம் என்பார்கள். மலைக்குப் பின்னாலிருந்து எழும்பி, தலைக்கு மேலே வந்து, நெசவுக்காகத் தெருவில் நீட்டிக் கட்டிய நூல் பாவு காற்றில் அலைவதுபோல் அலைந்தது. சத்தமே இல்லை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஏகாம்பரம் காமிராவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

கட்டி நிறுத்தினாலும் கப்பல் ஆடும், படம் கலங்கிவிடும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கரையில் இறங்கினார். அந்த வெளிச்சம் சாதாரணமாகப் பிலிமில் விழாது. காமிராவை முக்காலியில் நிறுத்தி, கண்ணைத் திறந்துவிட்டு, பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"வெறும் வானத்த எடுத்துக்கினு போனா ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டான். நீ அந்த மேட்டுல நின்னு கையத் தூக்கிக் காட்டுபா. ஆடாத" என்றார்.

அவருடைய தோல் கையுறை தடிமனானது. அதைப் போட்டுக்கொண்டு பிலிம் சுற்ற முடியாது. என் கம்பளிக் கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். தன்னுடையதை எனக்குக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்தத் தோல் கையுறையைப் பனியில் போட்டு, வழுக்காமல் இருக்க முக்காலியின் காலை அதன்மேல் ஊன்றினார்.

நான் இடதுகையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வெளிச்சம் இடம் மாறும்போதெல்லாம் முக்காலியும் இடம் மாறியது. கை மரத்துவிட்டது என்று கத்தினேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணுபா" என்றார். பிலிம் தீரும்வரை அதையே சொன்னார்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் கருத்துப்போயின. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கப்பல் கிளம்பும்வரை ஏகாம்பரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பி டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஆனேன். சில வருஷம் கழித்து அவரும் கப்பலை விட்டு வந்து ஸ்டுடியோ திறந்தார். வாசல் கண்ணாடிக்குள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். மேட்டின்மேல் முகம் தெரியாமல் ஒருவன் கையைத் தூக்கி நிற்க, அவன் தலைக்கு மேல் வானம் எரிந்துகொண்டிருக்கும். நல்ல படம், அதை நான் மறுக்கமாட்டேன். அது நீங்களா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். அவர் ஆமாம் என்றார்.

ஒருநாள் கல்யாணக் கோஷ்டி ஒன்று போட்டோவுக்குக் காத்திருந்தபோது உள்ளே போனேன்.

"படத்துல நிக்கிறது நீங்கன்னா, பொத்தான அமுக்கினது யாருங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னு காமிராவுல ஒரு விசை இருக்குதுபா. உனக்குத் தெரியாது" என்றார். கோஷ்டி சிரித்தது.

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். முசரவாக்கத்தில் எனக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், அவளுக்கும் சம்மதம். விரல் எப்படிப் போனது என்று பெண்ணின் தாய்மாமன் ஸ்டுடியோவில் விசாரித்திருக்கிறார். குடித்துவிட்டுப் பனியில் படுத்துவிட்டான், என்ன செய்வது என்று ஏகாம்பரம் சொல்லியிருக்கிறார். நான் அன்றும் குடித்ததில்லை, இன்றும் இல்லை. சம்பந்தம் நின்றது. வேறு இடம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் என்னோடு கடைசியாகப் பேசியது போன ஐப்பசியில். பஸ்ஸில் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பட்டுக்கடைக்காரர் ஒருவர் அந்த வானத்து நிறத்தில் சேலை நெய்ய ஆசைப்படுகிறாராம். என்னென்ன நிறம் என்று கேட்கிறாராம்.

"நான் குனிஞ்சிக்கினு காமிராவத்தானே பாத்துக்கினு இருந்தேன். நிமிர்ந்து பாத்தவன் நீதான். என்ன கலருபா அது?" என்றார்.

அவர் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல்தடவை.

"நான்தான் குடிச்சிட்டுப் படுத்திருந்தேனே. எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

செய்தி கேட்ட அன்று, டூட்டி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் அந்தப் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். வேறு படம் கிடைக்கவில்லையா என்று அவருடைய மகனைக் கேட்டேன். அப்பா தன்னைப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை, இது ஒன்றுதான் என்றார்.

"அது உங்கப்பா இல்லபா. எடுத்தவருதான் உங்கப்பா. நிக்கிறது நான். மாலையை எடுத்துடு" என்றேன்.

சாவு வீட்டில் இப்படிப் பேசலாமா என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். மகன் படத்தையும் என் இடதுகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி, கொண்டுபோய் அப்பாவின் காலடியில் வைத்தார்.

பாலாற்றங்கரையில் வாய்க்கரிசி போட எனக்கும் முறை வந்தது. குனிந்தபோது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னேன்:

"அடியில இளம்பச்சைபா. மேல போகப் போக அரக்கு. ரெண்டும் சேர்ற எடத்துல கொஞ்ச நேரம் ஊதா இருந்துச்சி."

மன்னித்துவிட்டேன் என்று இதை வைத்து யாரும் எழுதிவிட வேண்டாம். மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வானத்தைப் பற்றி என்னிடம் கேட்க இந்த ஊரில் இருந்தவர் அவர் ஒருவர்தான். இனி யாரும் கேட்கமாட்டார்கள்.

போய் வாருங்கள், ஏகாம்பரம்.