ஊதாமல் நகர்ந்த வண்டி

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் டிரெய்லரை லாரியோடு மாட்டும்போது 'டணார்' என்று ஒரு சத்தம் வரும். இன்றைக்கும் அதைக் கேட்டால் என் கால் நகராது.

எங்கள் ஊர் சாமல்பட்டிப் பக்கம். கரி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில்வே கிணறு வெட்டியது. வெட்ட வந்தவர்கள் அங்கேயே குடிசை போட்டார்கள், அதுதான் ஊர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிணறு, இந்தப் பக்கம் வீடுகள். கூட்ஸ் நின்றால் அடியில் புகுந்து வருவோம். ஊதாமல் வண்டி நகராது என்று ஊரே நம்பிய முட்டாள்தனம் அது.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள், கிணற்றிலிருந்து திரும்புகையில் நான் முதலில் புகுந்து வந்துவிட்டேன். பின்னால் அம்மா குடத்தோடு குனிந்தபோது, எஞ்சின் பக்கமிருந்து 'டணார், டணார்' என்று பெட்டிகள் இழுபடும் சத்தம் ஓடிவந்தது. வண்டி ஊதவே இல்லை.

"அம்மா, வராத!"

சக்கரங்கள் உருண்டன. கடைசிப் பெட்டி போகும்வரை நான் மூச்சே விடவில்லை.

அம்மா அந்தப் பக்கமே நின்றிருந்தாள். குடம் தண்டவாளத்தில் நசுங்கிக் கிடந்தது.

"நம்ம கெணத்துத் தண்ணி குடிச்ச வண்டிடி," என்றாள். "நம்மள ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

மறுநாளும் கூட்ஸ் நின்றது. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மா வேறொரு குடத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.