சுளகு ஏரி

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் லிங்கராஜ் அண்ணாச்சி என் வாசலில் வந்து நின்று, ஒட்டு கோணிப்போன தீப்பெட்டிகள் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்பார். நான் தீப்பெட்டி ஆபீஸுக்கு வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிக் கொடுப்பவள். கழிவுப் பெட்டிகளுக்கு என்னிடம் பஞ்சம் இல்லை. ஒரு கை அள்ளிக்கொண்டு போவார். நான் அந்த வளவுக்குக் குடி வந்த வருஷத்திலிருந்து இது தவறியதில்லை.

கோவில்பட்டியில் மூன்று குடித்தனம் இருக்கும் வளவு அது. அண்ணாச்சி வீடு எங்களுக்கு நேர் எதிரே. நூல் மில்லில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் தன்பேரில் குற்றம் வராமல்தான் பேசுவார். ஒருமுறை வளவுக் குழாயின் கைப்பிடியை அவர் சரிசெய்து வைக்க, மறுநாளே அது என் கையோடு வந்துவிட்டது. கைப்பிடி பழசு என்றார். 

பெட்டிகளை வாங்கிப் போனால் ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் மலை எழும்பும். அவர் மனைவி செண்பகவல்லி மதினி உளுந்து புடைக்கும் சுளகுதான் ஏரி. அதைச் சுற்றி அண்ணாச்சி பெட்டிகளை அடுக்கி வைப்பார். படுக்கவைத்த பெட்டி நடக்கும் சரிவு. நிமிர்த்திய பெட்டி கைகளை ஊன்றி ஏறவேண்டிய பாறை. அவருடைய கூட்டாளி கமால் பாய் எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். எங்கே தண்ணீர் குடிப்பது, எந்தப் பாறையில் யார் முதலில் ஏறிக் கைகொடுப்பது, மேகம் இறங்குவதற்குள் எந்த இடத்தைத் தாண்டியிருக்க வேண்டும், அட்டை கடித்தால் போட உப்பு யார் பையில் என்று வாரக்கணக்கில் பேசுவார்கள். இத்தனையும் தை மாதத்தில் போகும் ஒரே நடைக்காக.

கமால் பாய் தேயிலைத்தூள் வியாபாரி. அவருடைய மைத்துனர் அப்துல் நாசர் மேகமலையில் எஸ்டேட் ஆட்களுக்கு மளிகைக் கடை வைத்திருந்தார். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அணை கட்டித் தேக்கிய ஏரிகள் உண்டு. சரக்கு எடுக்கப் போன கமால் பாயோடு ஒருமுறை துணைக்குப் போனவர்தான் அண்ணாச்சி. அதிலிருந்து அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

மதினிக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பேச்சு மும்முரமாக இருக்கும்போது வந்து நிற்பார்.

“உங்க ஏரியக் கொஞ்சம் தாங்க. உளுந்து புடைச்சுட்டுத் தாரேன்.”

கமால் பாய் உடனே, “அண்ணாச்சி, அணையத் தொறந்துட்டாவ, ஓடுங்க” என்பார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் தை மாதம் அந்த வேடிக்கை முடிந்தது. பாறையில் சறுக்கி விழுந்து, மணிக்கட்டில் கட்டோடு வந்தார் அண்ணாச்சி. பாறையில் பாசி இருந்தது என்றார். கட்டுப் பிரிக்கும்வரை மில்லுக்குப் போக முடியவில்லை. மதினி சோறு பிசைந்து கொடுத்தபடியே, இனி மலைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அண்ணாச்சிக்குச் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. சாயங்காலம் முற்றத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். மதினியால் அதையும் பார்க்க முடியவில்லை. ஒருநாள் கமால் பாயையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

“ஒரு தடவ நானும் வாரேன். அங்கன என்னதான் இருக்குன்னு பாக்குதேன். எனக்கு வேண்டாம்னு பட்டுச்சுன்னா நீங்களும் விட்டுரணும். பாய் சாட்சி.”

அண்ணாச்சி சரி என்றார். ஆண்களோடு தனியாக எப்படிப் போக என்று மதினி என்னையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

மதினிக்குப் பசுவந்தனையில் அப்பா வழி நிலம் உண்டு. மழைக்கு விதைத்தால் உளுந்தும் பருத்தியும் எடுத்து முடிக்க மாசி, பங்குனி ஆகிவிடும். அதனால் மறுவருஷம் சித்திரையில் போவதாக ஏற்பாடு. அண்ணாச்சி சித்திரையில் அந்த ஏரியைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் மதினிக்காக வழியை முழுக்க மாற்றி அடுக்கினார். நிமிர்ந்த பெட்டிகள் பலவற்றைப் படுக்கவைத்தார். ஏரி மலைக்குள் கை நீட்டியிருக்கும் ஓர் இடத்தில் மட்டும் பாறை ஏறித்தான் சுற்ற வேண்டும். அந்த ஒரு பெட்டியை அவர் பலநாள் எடுத்து எடுத்து வைத்தார். அதற்கு மாற்று கிடைக்கவில்லை.

சின்னமனூரிலிருந்து மலை ஏறி, இரவு நாசர் வீட்டில் தங்கி, விடிந்ததும் நடந்தோம். காற்று குளிர்ந்திருந்தது. அண்ணாச்சி முன்னால் போய் ஒவ்வொரு கல்லையும் குதிகாலால் அழுத்திப் பார்த்துவிட்டு மதினியை வரச்சொன்னார். தண்ணீர் குடித்தாயா, கால் வலிக்கிறதா என்று வழியெல்லாம் கேட்டார். வீட்டில் நான் கேட்டிராத பேச்சு அது. மதினி ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி திரும்பித் திரும்பி அவர் முகத்தையே பார்த்தார்.

அந்தப் பாறை இடத்துக்கு வந்தபோது ஏரியின் கை வற்றிக் கிடந்தது. தண்ணீர் எங்கோ தள்ளிப் போயிருந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. பாறையே ஏறவேண்டாம், குறுக்கே நடந்துவிடலாம்.

எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கரிசல் மண்ணில் வெடிப்பு விழுந்துவிட்டால் இறுகிவிட்டது என்று அர்த்தம். பாரவண்டியே போகும். மதினிகூட அங்கேதான் முதன்முதலாகத் தானாகப் பேசினார்.

“இந்தா, நம்ம பசுவந்தனைக் காடு மாதிரில்லா கெடக்கு.”

அண்ணாச்சி ஓரத்தில் குதிகாலால் அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. எங்களைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நடுவுக்குப் போவதற்குள் காலடியில் பாளம் சாய்ந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் தொடைவரை இறங்கிவிட்டார். மேலே ஓர் அடை கனத்துக்குத்தான் காய்ந்திருந்தது. அடியில் அத்தனையும் சகதி. காலை இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது.

மதினி ஓடப் பார்த்தார். அண்ணாச்சி இரண்டு கைகளையும் தூக்கி, யாரும் வரக்கூடாது என்று தடுத்தார். கமால் பாய் பாளங்கள்மேல் குப்புறப் படுத்து, மெல்ல மெல்ல ஊர்ந்து போய், தான் ஊன்றிவந்த கம்பை நீட்டினார். பாயின் கால்களை நான் பிடித்துக்கொண்டேன், என் இடுப்பை மதினி பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி நெஞ்சைத் தரையில் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். செருப்புகள் வரவில்லை.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு. பிறகு மதினியைப் பார்த்துச் சொன்னார்.

“என் தப்புதான். தை மாசத்து ஏரிய நெனச்சுக்கிட்டு சித்திரைல கூட்டியாந்துட்டேன். ஒன்ன முன்னால விட்டுருந்தா என்ன ஆயிருக்கும்?”

மதினி முந்தானையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

பிறகு பாறை வழிதான். அண்ணாச்சி வெறுங்காலோடு முன்னே ஏறினார். மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் காட்டிய இடங்களில் கையையும் காலையும் வைத்து ஏறினார். ஓரிடத்தில் தயங்கி நின்றுவிட்டு ஏறினார். உச்சியில் உட்கார்ந்து கடம்பூர் போளியைப் பிரித்துத் தின்றோம். கீழே தண்ணீர் நீலமாகக் கிடந்தது. கமால் பாய், அண்ணாச்சி ஏரிக்கு ஒரு ஜோடி செருப்பு காணிக்கை செலுத்திவிட்டார் என்றார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அதுதான் தன்னுடைய கடைசி நடை என்று அவர் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது. ஏரியையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில், விருதுநகர் தாண்டியதும் அவரே பேச்சை எடுத்தார். முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பார்த்தாகிவிட்டது, சொன்னபடி இனிப் போகவில்லை, மலைக்கு ஊன்றிப்போகும் கம்பைக்கூட நாசரிடமே விட்டுவிட்டேன் என்றார்.

மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கல்லும் தண்ணியுந்தான் இருக்கு, வேற என்னத்தக் கண்டேன். ஆனா ஒண்ணு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் தப்புன்னு ஒரு சொல்லு ஒங்க வாயிலேர்ந்து வந்ததில்ல. கொழாய் கைப்புடி, பாறப் பாசி, எல்லாம் அதுக தப்பு. அங்கன போயித்தான் வந்துச்சு. வருசத்துக்கு ஒருதடவயாது அது வரட்டும். போயிட்டு வாங்க.”

கமால் பாய் சாட்சி என்ற முறையில் தனக்குச் சம்மதம் என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி அண்ணாச்சி சிரித்தார்.

பத்து வருஷம் ஆகிவிட்டது. அண்ணாச்சி மில்லில் ஓய்வு பெற்றுவிட்டார். கமால் பாய்க்கு மூச்சு இரைப்பு இருப்பதால் மலை ஏறியதும் மைத்துனர் கடையில் தங்கிவிடுகிறார். மதினி அதன்பிறகு போகவில்லை. கூப்பிட்டாலும், பார்த்தாச்சு என்கிறார். அண்ணாச்சி தை மாதத்தில் மட்டும் போகிறார், ஏரியைக் கரையோடு சுற்றிவிட்டு மூன்றாம் நாள் வீடு திரும்புகிறார்.