ரவியின் நிலவறையில் என் துப்பாக்கி

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் நான் வீடு மாறியபோது, வேட்டைத் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்பு அலுமாரி புது வீட்டுக்கு வந்து சேரவில்லை. துப்பாக்கியை, என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ரவியிடம் கொண்டுபோனேன்.

"அண்ணை, இது சட்டப்படி சரிதானே? நான் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறன்" என்று ரவி கேட்டான்.

"ஓமடா, ரெண்டு நாள்தானே. உன்ர நிலவறையில வை" என்றேன்.

அனுமதி இல்லாதவரிடம் துப்பாக்கியைக் கொடுத்தால் இருவருக்குமே குற்றம் என்று வேட்டை வகுப்பில் படித்திருந்தேன். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் அந்த நிலவறையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. திருத்த வந்தவர் துப்பாக்கியைக் கண்டு பொலிஸை அழைத்துவிட்டார்.

"இது சரியா என்று ரவி உங்களிடம் கேட்டாரா?" என்று விசாரணையில் பெண் அதிகாரி கேட்டார்.

கேட்டதாக ரவி ஏற்கெனவே சொல்லியிருந்தான். நான் பயத்தில், "இல்லை, அவருக்கும் சட்டம் தெரியும்" என்றேன்.

என் துப்பாக்கியைப் பறித்துத் தண்டம் போட்டார்கள். ரவிக்கும் தண்டனை பதிவானது. அதனால் அவனுடைய குடியுரிமை பல வருடங்கள் தள்ளிப்போய்விட்டது.

தொழிற்சாலையில் இன்றும் எதிரெதிரே நின்றுதான் வேலை செய்கிறோம். அவன் என்னோடு கதைப்பதில்லை. உண்மையைச் சொல்ல இப்போதும் எனக்கு வழி இருக்கிறது. பொலிஸ் நிலையத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஒருநாளும் காரை நிறுத்தியதில்லை.